யூரோப்பாவின் குளிர்: பக்கத்தில் போய் அளப்பதா, பூமியிலிருந்தே அளப்பதா?

வியாழனின் நிலவு யூரோப்பாவில் நடுக்கோட்டுப் பக்கமே மைனஸ் 160 டிகிரி செல்சியஸ் குளிர் என்றதும், தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள் விடவில்லை. "யார் பெரியப்பா அங்கே போய் அளந்தது?" என்றாள். யாரும் இறங்கவில்லை, தூர இருந்து அளந்ததுதான். அதில் இரண்டு வழி உண்டு.

விண்கலத்தில் அகச்சிவப்புக் கருவியோடு நெருங்கிப் போவது ஒன்று. 100 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 173 டிகிரி செல்சியஸில், உறைந்த பனி தன் வெப்பத்தை 29 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டித்தான் அதிகம் வெளிவிடும். அந்தக் கதிரை நம் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடுகிறது, சிங்கப்பூர் மாதிரி எந்நேரமும் ஈரக்காற்று வீசும் ஊரில் கேட்கவே வேண்டாம். கலிலியோ விண்கலம் அருகே போய் அளந்தபோது யூரோப்பாவில் 86 முதல் 132 கெல்வின் வரை கிடைத்தது. இந்த வழியின் உண்மையான பலம் தெரிந்தது சனியின் நிலவு என்செலடஸில்தான். 2005இல் காசினி விண்கலம், குளிர்ந்து கிடக்க வேண்டிய தென் துருவத்தில் வெப்பத்தைக் கண்டது. பிறகு இன்னும் நெருங்கியபோது, சில மீட்டர் அகலமே உள்ள பிளவுகளில் 190 கெல்வினுக்கு மேல் இருப்பது தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்திருந்தால் சுற்றியுள்ள குளிரோடு கலந்து அது காணாமலே போயிருக்கும். ஆனால் கலம் பறக்கும் பாதையில், பறக்கும் நேரத்தில் தெரிவதுதான் கிடைக்கும், அதனால் கலிலியோ தந்த வெப்ப வரைபடத்தில் ஓட்டைகள் நிறைய.

மற்றொன்று, சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் அல்மா என்ற வானொலித் தொலைநோக்கித் தொகுப்பு. 2015இல் 1.3 மில்லிமீட்டர் அலையில், சுமார் 200 கிலோமீட்டர் நுணுக்கத்தில், யூரோப்பா முழுவதையும் படமெடுத்தார்கள். பிளவுகள் தெரியாது. அதோடு இந்த அலை பனியின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழிருந்தும் வருவதால், அதை அப்படியே மேற்பரப்பு வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனாலும் யூரோப்பாவின் ப்வில் பள்ளத்தருகே நடந்ததைப் பாருங்கள். நீராவி பீறிடுவதாகச் சந்தேகிக்கப்பட்ட இடம் அது, கலிலியோவின் இரவு அளவீட்டில் சூடாகவும் தெரிந்தது. உள்ளிருந்து வரும் வெப்பமோ என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. அல்மாவின் பகல் அளவையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த இடத்துப் பனி வெப்பத்தை மெதுவாக விடுகிறது என்பதே போதுமான விளக்கமானது. நாளெல்லாம் வெயில் வாங்கிய நம் வீவக அடுக்குமாடி புளோக் சுவர் இரவு பத்து மணிக்கும் சுடுகிறதே, அந்த மாதிரிதான்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், உள்வெப்பத்தைத் தேட நான் விண்கலத்தையே எடுப்பேன். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனை அடையும், அதிலும் வெப்பக் கேமரா இருக்கிறது. அதுவரை முழு நிலவுக்கும் பகல் கணக்கு வேண்டுமென்றால் அல்மாதான்.