ஈனோ, டைஜீன், பான் 40, சுக்ரால்ஃபேட்: வயிற்றுச் சுவர் பக்கம் நின்று ஒரு மதிப்பீடு

மெடிக்கல் ஷாப்பில் "கேஸுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். நான்கும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. மருந்தே இல்லாதபோது வயிறு தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்கு எதை வாங்கலாம் என்பது தானே விளங்கும்.

இரைப்பை அமிலத்தின் பிஹெச் 1 முதல் 2 வரை (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை, 7 என்றால் நடுநிலை). உள்ளே போன கறித்துண்டு கூழாகிறது. அதே சதையால் ஆன இரைப்பை மட்டும் கூழாவதில்லை. சுவரின் மேல் வெண்டைக்காய்க் கொழகொழப்பு போல ஒரு சளிப்படலம் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒட்டியிருக்கிறது. அதற்கு அடியில் செல்கள் ஓயாமல் பைகார்பனேட்டைக் கசியவிடுகின்றன. படலத்தின் மேற்புறம் பிஹெச் 2 என்றால், அடியில் செல்லைத் தொடும் இடத்தில் கிட்டத்தட்ட 7. தேய்ந்துபோன மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் புதுசாகிவிடும். சளி, பைகார்பனேட், சுவருக்கு வரும் ரத்த ஓட்டம் மூன்றையும் முடுக்கிவிடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்.

ஈனோவில் இருப்பதும் அதே பைகார்பனேட்தான். லேபிளில் 'ஸ்வர்ஜிக்ஷாரா' என்று போட்டிருப்பது நம் சோடா உப்பு, 'நிம்புகாம்லம்' என்பது சிட்ரிக் அமிலம். இரண்டும் ஏறக்குறைய சம அளவு. டம்ளரில் கொட்டியதும் பொங்குவதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நினைப்போம். உண்மையில் அங்கே சோடா உப்பு சிட்ரிக் அமிலத்தோடு மல்லுக்கட்டித் தீர்ந்துகொண்டிருக்கிறது. வயிற்றுக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் சோடியம் சிட்ரேட். அதுவும் அமிலத்தை மட்டுப்படுத்தும், நிமிடங்களில் சுகம் கிடைக்கும், பெரிய ஏப்பம் ஒன்று வரும். வயிறு தன் பைகார்பனேட்டைச் சளிக்கு அடியில் பத்திரமாக வைக்கிறது. ஈனோ குளத்தின் நடுவில் கொட்டுகிறது. அதனால் சீக்கிரமே கரைந்து போய்விடும்.

கல்யாண விருந்தில் ஒரு பிடி கூடப் பிடித்த அன்றைக்கு ஈனோ சரி. தினசரி என்றால் கூடாது. 5 கிராம் பாக்கெட்டில் சோடியம் மட்டும் சுமார் 850 மில்லிகிராம், அதாவது இரண்டு கிராம் உப்புக்கு மேல். ரத்தக்கொதிப்பு, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது இருப்பவர்கள் தொடவே வேண்டாம். நுரை அடங்கிய பிறகே குடிக்க வேண்டும். இன்னொன்று: நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வை, இடது கை அல்லது தாடைப்பக்கம் இழுப்பு இருந்தால் அதைக் கேஸ் என்று சொல்லி ஈனோ கலக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே போய் ஈசிஜி எடுக்க வேண்டும்.

டைஜீன், ஜெலுசில் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இவற்றில் இருக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு மலத்தைக் கட்டும், மக்னீசியம் ஹைட்ராக்சைடு இளக்கும்; ஒன்றை ஒன்று சரிக்கட்டத்தான் இந்த ஜோடி. சிமெதிக்கோன் வாயுக் குமிழ்களை உடைக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் பலன் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் மூன்று மணி நேரம்வரை நிற்கும். பாட்டிலைக் குலுக்காவிட்டால் மேலே தண்ணீர்தான் வரும், மருந்து அடியில் தங்கிவிடும். மாத்திரையை மென்று தின்ன வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், இரும்புச் சத்து மாத்திரைக்கு இரண்டு.

பான் 40-ஐத்தான் நம் ஆட்கள் மிட்டாய் போலப் போடுகிறார்கள், அதுவும் தப்பான நேரத்தில். அதில் உள்ள மருந்தான பான்டோபிரசோல் வயிற்றில் இறங்கி நேரடியாக வேலை செய்வதில்லை. அமிலம் பட்டால் அது கெட்டுவிடும் என்பதால்தான் மேலே பூச்சு. நசுக்கினாலோ கடித்தாலோ காசு வீண். குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாக அமிலம் சுரக்கும் செல்லுக்குப் போய், அங்கே அமிலத்தை இறைத்துக்கொண்டிருக்கும் பம்புகளை அடைத்துவிடுகிறது. பம்புகள் விழிப்பது சாப்பிடும்போது. ஆகவே காலை டிபனுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். இரவு சாப்பிட்டு முடித்து, எரிச்சல் வந்த பிறகு போட்டால் பாதிப் பலன்கூட இருக்காது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும்.

இதுவும் சுவரைப் பூசிக் கொடுப்பதில்லை. அமிலத்தைக் குறைத்து, சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் தருகிறது. அல்சருக்கு அது போதுமானது, நான்கு முதல் எட்டு வாரம். மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரியும். "மாத்திரை இல்லாமல் இருக்கவே முடியலை" என்பதன் பின்னணி பல பேருக்கு இதுதான். வருடக்கணக்கில் போனால் பி12, மக்னீசியம் குறையலாம். பான்-டியில் கூடவே டொம்பெரிடோன் இருக்கிறது. குமட்டல் இல்லாதவருக்கு அது தேவையில்லாத சரக்கு, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கவும் கூடும்.

இந்த நான்கில் சுவர் பக்கம் நிற்கும் ஒரே பொருள் சுக்ரால்ஃபேட். அமிலம் பட்டதும் இது பசையாக இறுகி, புண்ணில் வெளிப்பட்டிருக்கும் புரதத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. சுமார் ஆறு மணி நேரம் நகராது. வயிற்றின் சளி செய்யும் காவலை ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் செய்கிறது. குறை என்ன என்றால், பசையாக அமிலம் வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில், வழக்கமாக ஒரு கிராம் நான்கு வேளை குடிக்க வேண்டும். முன்னும் பின்னும் அரை மணி நேரம் ஜெலுசில் கூடாது. நான்கு வேளை யார் நினைவு வைப்பது? மலச்சிக்கலும் உண்டு. ஆக்ஸிடகெய்ன் சேர்ந்த சிரப் வயிற்றை மரத்துப்போக வைக்கும், வலி அடங்கும். வலி போனதால் புண் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறவர்கள் "சாப்பிட்டுட்டுத்தான் போடுறேன்" என்பார்கள். அந்த மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகுதான் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது, ஊசியாகப் போட்டாலும் அதேதான். சளியும் பைகார்பனேட்டும் சேர்ந்தே குறையும். வயதானவர், ரத்தம் நீர்க்கும் மருந்து எடுப்பவர் என்றால் வலி மாத்திரை ஓடும் நாட்களில் பான் 40 நியாயமான செலவு.

அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி விஷயத்தில் இந்த நான்கையும் மட்டும் நம்பிப் பயனில்லை. அது யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, அமிலத்துக்கு நடுவே தனக்கென ஒரு குடை பிடித்துக்கொண்டு சளிக்குள் போய் உட்கார்ந்துவிடும். இதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் கிடைத்தது. திரும்பத் திரும்ப அல்சர் வந்தால் மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை கேளுங்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பான் 40-ஐ இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வரலாம். மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ இந்த அலமாரிப் பக்கமே போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.