அருகம்புல்லை ஒழிக்க: தோண்டுவதா, தாள் விரிப்பதா?

பிள்ளையாருக்கு உகந்த அருகு, பாத்திக்குள் புகுந்துவிட்டால் களைதான்.

செலவு: தோண்டுவதற்குக் கூலி, விரிப்புக்கு ஒளிபுகும் பாலித்தீன் தாள்.

பலன்: ஓடுதண்டாலும் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்குத்தண்டாலும் பரவுவதால், தோண்டும்போது ஒரு கணு விடுபட்டாலும் அருகு மீண்டும் துளிர்க்கும். மண்ணை நனைத்து, தாளின் ஓரங்களை மண்ணால் மூடி, ஏப்ரல், மே வெயிலில் 4 முதல் 6 வாரங்கள் விட்டுவைத்தால் மேல்மண்ணில் உள்ள தண்டுகள் பெரும்பாலும் வெந்துவிடும். ஆழத்தில் இருப்பவை தப்பக்கூடும்.

இடம்: தாள் நல்ல புல்லையும் சேர்த்தே கொல்லும் என்பதால், வளர்ந்த புல்தரையில் தோண்டுவதைத் தவிர வழியில்லை.

சேலம் சமவெளியின் காலிப் பாத்திக்குத் தாளையே பரிந்துரைப்பேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், குளிரிலும் மூடுபனியிலும் மண் போதிய அளவு சூடேறுவது கடினம். அங்கே மழைக்குப் பின் இளகிய மண்ணில் தோண்டுவதே சரி. தோண்டியதை எருக்குழியில் போடாமல் வெயிலில் காயவிட வேண்டும்.