பி.யு. பாலிஷ் என்று சொல்லி 38,500 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்

வீட்டுக்கே ஆள் அனுப்பி மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் செயலிகள் இப்போது நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்றில் எங்கள் 38,500 ரூபாய் போயிருக்கிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தீபாவளி, பொங்கல் என்று பலரும் இதே வேலையைக் கொடுக்கும் நேரம் இது.

வேலை பெரிதல்ல. மாமியார் காலத்துத் தேக்கு உணவு மேசை, ஆறு நாற்காலிகள், கூடத்து ஊஞ்சல் பலகை, அவ்வளவுதான். மேசையில் இருந்தது பழைய அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சாகப் பல முறை தேய்த்து ஏற்றும் கைவேலை அது. பார்க்க அழகு. ஆனால் சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஸ்பிரிட் பட்டால் கரையும். சாப்பிடும் மேசைக்கு அது தாங்கவில்லை என்பதால் பி.யு., அதாவது பாலியூரித்தேன் பூச்சு வேண்டும் என்று கேட்டோம். விலை கூடுதல் என்று தெரிந்தே கேட்டோம். சூடும் தண்ணீரும் தாங்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்.

மேற்பார்வையாளர் என்று ஒருவர் வந்தார். மேசையின் அடிப்பக்கத்தை விரல் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். "இது அரக்கு அம்மா. அந்தக் காலத்து ஆள் பொறுமையாகப் போட்டிருக்கிறார். பர்மா தேக்கு வேறு. இதன் மேலேயே அடித்தால் பி.யு. பிடிக்காது, முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்" என்றார். சொன்னது அத்தனையும் சரி. பையிலிருந்து ஒரு மாதிரிப் பலகையை எடுத்து, நான் கொடுத்த காபியையே டம்ளரோடு அதன் மேல் வைத்துக் குடித்து முடித்தார். பிறகு துடைத்துக் காட்டினார். ஒரு சுவடும் இல்லை. மரத்தை அறிந்த ஒருவரிடம் வேலை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில்தான் 20,000 ரூபாய் முன்பணம் போனது.

வேலை நாளில் இரண்டு பையன்கள் வந்தார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் பி.யு. டின், அதில் கலந்து பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் டின் இரண்டையும் திண்ணையில் எடுத்து வைத்து எனக்குக் காட்டினார்கள். "வாடை தலையைச் சுற்றும் அம்மா, சாயங்காலம் வரை மாடி வீட்டில் இருங்கள்" என்றார்கள். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் மூச்சுக்கு ஆகாது என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லித்தான் எங்களை வெளியே அனுப்பினார்கள். மாலையில் கூடம் பளபளத்தது. மீதி 18,500 ரூபாயையும் அப்போதே வாங்கிக்கொண்டு, டின்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் ஊஞ்சல் பலகை பிசுபிசுத்தது. நாற்காலிக் கைகளில் பால் படிந்ததைப் போல ஒரு வெளுப்பு. மேசையில் ரசப் பாத்திரம் வைத்த இடத்தில் வெள்ளை வளையம். எது வரக்கூடாது என்று 38,500 ரூபாய் கொடுத்தோமோ, அதுவே வந்தது.

செயலியில் புகார் கொடுத்தால், முதலில் "48 மணி நேரத்தில் அழைப்போம்" என்றார்கள். அழைப்பு வரவில்லை. நானே கூப்பிட்டேன். ஒரு பெண், "மரம் பழையது மேடம், உள்ளே ஈரம் இருக்கும்" என்றார். அடுத்த முறை பேசியவர், "தண்ணீர் பட்டதற்கு உத்தரவாதம் கிடையாது" என்றார். தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்ற பூச்சுக்கு இந்தப் பதில்! மேற்பார்வையாளரோ, "நான் ஒப்பந்த ஆள் அம்மா, கம்பெனியிடம் பேசுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு அவருடைய எண் போகவே இல்லை. கடைசியில், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, சேவையை மதிப்பிடுங்கள்" என்று ஒரு செய்தி வந்தது. எதுவுமே தீரவில்லை.

பக்கத்துத் தெருவில் பாலிஷ் வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்து மேசைக் காலின் உள்பக்கம் தேய்த்தார். பூச்சு கரைந்து பஞ்சோடு வந்துவிட்டது. "இது பி.யு. இல்லை அம்மா, வெறும் என்.சி. லேக்கர்" என்றார். என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்பது தின்னர் ஆவியானதும் காய்ந்து நிற்கும் பூச்சு. மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும், சூட்டில் வளையம் விழும், ஈரக்காற்றில் அடித்தால் வெளுக்கும். பி.யு.வில் ஹார்டனர் கலந்ததும் வேதிவினை நடந்து பூச்சு இறுகுகிறது. நன்றாக இறுகிய பிறகு தின்னர்ப் பஞ்சுக்கு அது அசையாது. பழைய பூச்சைத் தேய்த்து எடுத்து, மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடித்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, பிறகு பி.யு., மறுபடி காயவிட்டு இன்னொரு பூச்சு என்று போக வேண்டிய வேலை ஒரே பகலில் எப்படி முடியும் என்று அவர் கேட்டார். தேய்ப்பு எந்திரத்தை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே ஓட்டியதில் பலகை முழுக்கச் சுழல் சுழலாகக் கீறல். அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம், தேய்ந்துபோன மரத்தை யார் திருப்பித் தருவார்கள்? அந்த டின்கள் திறக்கப்படாமலே அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எப்படிக் கவனமாக இருப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டின்னை உங்கள் கண் முன்னால் திறந்து கலக்கச் சொல்லுங்கள், காலி டின்னை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலந்த பி.யு. சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது, "நேற்றே கலந்து கொண்டுவந்தோம்" என்றால் விரட்டிவிடுங்கள். அடைமழைக் காலத்தில் ஸ்பிரே வேலையே வேண்டாம். பெரும்பகுதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். ஒரு வாரம் காய்ந்த பிறகு மறைவான இடத்தில் தின்னர்ப் பஞ்சு வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். நான் 38,500 ரூபாயையும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவரை மேசையை யாரையும் தொடவிடப் போவதில்லை. மறுபடி தேய்த்துவிட்டால் ஆதாரம் போய்விடும், நீங்களும் அவசரப்பட்டு வேறு ஆளை வைத்துச் சரி செய்துவிடாதீர்கள்.