விளக்குத்தூண் பக்கம் வாங்குன துணிங்க, தண்ணில போட்டதுக்கு அப்புறம்

கடைல துணிய தொட்டுப் பாத்துட்டு வந்து நல்லாருக்கு நல்லால்லன்னு ரிவியூ போடுறதுல எனக்கு நம்பிக்கை போயி ரொம்ப நாளாச்சு. கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு மடிச்சு வச்சா எந்த துணியும் கடைல ராசாத்தி மாதிரி தான் இருக்கும். அதனால போன மாசம் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடைல வாங்குன துணிங்கள மொதல்ல தண்ணில போட்டு, காய வச்சு, டேப் வச்சு அளந்துட்டு தான் இத எழுதுறேன். சட்டை சுடிதாருக்கு இல்லங்க, போர்வை தைக்கிறவங்களுக்கு. குவில்ட்டுன்னு சொல்றாங்கல்ல, துண்டு துண்டா ஒட்டுப் போட்டு நடுவுல பஞ்சு ஷீட் வச்சு தைக்கிறது, அது.

எங்க அப்பத்தா பழைய சேலைய நாலு மடிப்பா போட்டு கையாலயே ஓட்டுத்தையல் ஓட்டி துப்பட்டி தச்சு வச்சிருக்கும். அதுக்கு இந்த தொல்லையே இல்ல. நூறு தடவ கல்லுல அடிச்சு தொவச்ச சேலை, சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் போயி, அதுக்கப்புறம் தான் துப்பட்டி ஆகும். நம்ம தான் புதுத் துணிய காசு குடுத்து வாங்கி கண்டந்துண்டமா வெட்டி மறுபடி ஒட்டுறோம்.

நான் இதுல பட்டது தங்கச்சி புள்ளைக்கு தச்ச மொதப் போர்வைல. வெள்ளை பாப்ளினும் கருஞ்செவப்பு சுங்குடியும் மாத்தி மாத்தி சதுரம் சதுரமா வச்சு, ரெண்டு வாரம் ராத்திரி ஒக்காந்து தச்சேன். நனைக்கல. அவசரம், பேர் வைக்கிற விசேஷத்துக்குள்ள முடிக்கணும். குடுத்து பத்து நாள்ல புள்ள ஒண்ணுக்கு போயிருக்கு, தங்கச்சி தொவச்சிருக்கா, வெள்ளை சதுரம் பூரா பீட்ரூட் பொரியல் வச்ச தட்டு மாதிரி ஆயிருச்சு. அது மட்டும்னா பரவால்ல, செவப்பு சதுரம் ஒரு அளவுக்கு சுருங்கி வெள்ளை வேற அளவுக்கு சுருங்கி, தையல் எல்லாம் கோணி, நடு நடுவுல உப்பிக்கிட்டு நிக்கிது. பாவம் அவ, அக்கா மனசு நோகக் கூடாதுன்னு நல்ல வெயில்ல காயப்போட்டு அது மேல சூடா இஸ்திரியும் போட்டுட்டா. அதோட அந்த ரோஸ் கலர் செட்டாகி போச்சு, இனி எந்த சாமி வந்தாலும் போகாது.

அப்பாட்ட காட்டுனேன். அப்பா புதுமண்டபத்துல தூணுக்கும் தூணுக்கும் நடுவுல மெஷின் போட்டு முப்பது வருசத்துக்கு மேல தச்ச மனுசன். மீனாட்சி கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதுத்தாப்ல திருமலை நாயக்கர் கட்டுன மண்டபம், பழைய ஆளுகளுக்கு தெரியும், சின்னப்புள்ளைல நாங்கல்லாம் அங்க சிலைக்கு கீழ ஒக்காந்து பட்டன் பொறுக்குவோம். இப்ப கடைங்கள எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க, அப்பாவும் அதுக்கு முன்னாடியே மெஷின வீட்டுக்கு கொண்டாந்துட்டாரு. போர்வைய திருப்பித் திருப்பி பாத்துட்டு "நனைக்காத துணில கத்திரி வச்சியாம்மா?"ன்னு மட்டும் கேட்டாரு. திட்டியிருந்தா கூட நல்லாருந்துருக்கும்.

யோசிச்சுப் பாத்தா இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது தான். ஜாக்கெட் தைக்க குடுக்கும் போது லைனிங் துணிய நனைச்சு காய வச்சு தான் குடுக்கிறோம், சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிறதுக்கு முன்னாடி ஃபால்ஸ நனைக்கிறோம். அதே கதை தான் இங்கயும், போர்வைங்கிறது ஒரே எடத்துல அஞ்சாறு லைனிங் துணி ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுற மாதிரி.

சுருக்கம் ஏன் வருதுன்னா, தறில பாவு நூல, அதாவது நீளவாக்குல ஓடுற நூல, முறுக்கா இழுத்துக் கட்டி தான் நெய்வாங்க. அதுக்கப்புறம் சாயம், கஞ்சி, இஸ்திரின்னு ஒவ்வொரு எடத்துலயும் நீளவாக்குல இழுத்துக்கிட்டே போவாங்க, அந்த இழுவையோடவே காஞ்சு கெடக்கும் துணி. தண்ணி பட்டதும் நூல் உப்பி, பிடிய விட்டுட்டு அதோட சொந்த நீளத்துக்கு போயிரும். அதான் பெரும்பாலும் நீளத்துல கூடவும் அகலத்துல, அதாவது ஊடைப் பக்கம், கம்மியாவும் சுருங்கும். மில்லுலயே இத முன்கூட்டியே சுருக்கி அனுப்புற முறை ஒண்ணு இருக்கு, அமெரிக்கால சான்ஃபோர்ட் க்ளூயெட்டுங்கிறவரு கண்டுபிடிச்சு 1930-ல பேடன்ட் வாங்குனது, அவரு பேர வச்சு தான் சான்ஃபரைஸ்டுன்னு துணிக் கரைல அச்சடிச்சு வரும். அப்பா சட்டைத்துணி எடுக்கும்போது மொதல்ல கரையத் தான் தேடுவாரு. நம்ம மீட்டர் கணக்குல வாங்குற சாதா காட்டன்ல அதெல்லாம் எதிர்பாக்காதீங்க.

சரி துணிக்கு வருவோம். ஒவ்வொண்ணுலயும் 50 சென்டிமீட்டர் சதுரம் கருப்பு நூலால அடையாளம் தச்சு வச்சுட்டு, சாதா தண்ணில ராத்திரி ஊறப்போட்டு, லேசா சோப்பு போட்டு அலசி, நிழல்ல காய வச்சு, இஸ்திரி போட்டு அளந்தேன்.

வெள்ளை பாப்ளின் தான் இருக்குறதுலயே ஒழுங்கான புள்ள. 50-க்கு நீளத்துல ஒண்ணரை சென்டி போச்சு, அகலத்துல அரை சென்டி கூட இல்ல. மீட்டர் 80 ரூவா, 36 இன்ச் பன்னா, அதாவது அகலம். கஞ்சி போனதுக்கு அப்புறம் கொஞ்சம் சல்லடை மாதிரி தெரியுது, அடில டார்க் கலர் வந்தா மேல தெரியும், ஆனா அந்த வெலைக்கு குறை சொல்ல மனசு வரல. பூப்போட்ட கேம்ப்ரிக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு தான், சாயமும் போகல, மொதத் தண்ணி லேசா கலங்குச்சு அம்புட்டு தான். ஆனா பிரிண்ட்டு நூலோட நேரா ஓடல, சாய்ஞ்சு ஓடுது, தொவச்சு நீவுனதும் தான் அது கண்ணுக்கே தெரியுது, கோடு கோடா இருக்க டிசைன் வாங்குனா வம்பு. டூ பை டூ ஜாக்கெட் துணி அம்புட்டு கலர் இருக்கே, ஆசையா அஞ்சு கலர் வாங்குனேன், சுருக்கம் ரெண்டு சென்டி, நாலு கலர் நின்னுச்சு, அரக்கு மட்டும் மூணு தண்ணிக்கு ஓடிட்டு அப்புறம் நின்னுச்சு.

காடா துணி அடிப்பக்கத்துக்கு ஆகும்னு வாங்குனது. வெளுக்காத மொரட்டுத் துணி, அது தண்ணில போட்டதும் ஒரு வாசம் வரும் பாருங்க, தறிக் கஞ்சி வாசம், வாளி தண்ணி கழனித்தண்ணி கலருக்கு மாறிடுச்சு. 50 எடத்துல 46 தான் வந்துச்சு. மீட்டருக்கு எட்டு சென்டி! அஞ்சு மீட்டர் வாங்குனா 40 சென்டி தண்ணில கரைஞ்சுரும். இத நனைக்காம அடில வச்சு தச்சிருந்தா போர்வை கிண்ணம் மாதிரி வளைஞ்சிருக்கும். ஆனா ஒண்ணு, ரெண்டு தொவைப்புக்கு அப்புறம் அது குடுக்குற மெத்து இருக்கே, வேற எதுவும் குடுக்கல. அளவ கூட்டி வாங்கிக்கோங்க.

இப்ப சுங்குடி. இதுக்காகத்தான் மெயினா எழுத வந்தேன். நம்ம ஊரு சௌராஷ்ட்ரா ஆளுக கையால முடிச்சுப் போட்டு சாயத்துல முக்குற கட்டுச் சுங்குடி, 2005-ல புவிசார் குறியீடு வாங்குனது. அச்சு அடிச்ச சுங்குடியும் அதே ரேக்குல தான் கெடக்கும், பாத்து வாங்குங்க. கட்டுச் சுங்குடில முடிச்சு பிரிச்ச எடமெல்லாம் குட்டிக் குட்டியா மொளகு மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்கும், வெரல வச்சா தெரியும், பொள்ளு, அதாவது அந்தப் புள்ளி, கூட ஒரே மாதிரி வட்டமா இருக்காது. அந்தப் புடைப்போடவே அளந்து வெட்டுனா போச்சு, ஏன்னா நனைச்சு இஸ்திரி போட்டதும் புடைப்பு அமுங்கி அந்த எடத்துல துணி விரியும், பொள்ளு இல்லாத எடம் சுருங்கும். ஒரே சேலைல பார்டர் பக்கம் ஒரு கணக்கு நடுவுல ஒரு கணக்கு. என்னோடது பிளெயினா இருந்த எடத்துல ரெண்டரை சென்டி சுருங்குச்சு, பொள்ளு நெறைய இருந்த எடத்துல சுருங்குன மாதிரியே தெரியல. அப்ப நனைக்காம வெட்டுன சதுரம் என்னத்துக்கு ஆகும் சொல்லுங்க.

சாயத்த பத்தி கடைல கேட்டேன். "போகாதுக்கா, கேரண்டி"ன்னாரு தம்பி. வெள்ளைக் கைக்குட்டைய நனைச்சு அவரு முன்னாடியே சேலை முந்திய நல்லா அழுத்தித் தேய்ச்சேன், கைக்குட்டை செவந்துருச்சு. "அது மொதத் தடவ அப்படித்தான்க்கா"ன்னு சிரிச்சாரு. அது பொய்யும் இல்ல. சாயம் ஏத்துனப்ப நூல்ல ஒட்டாம மேல நிக்கிற மிச்சம் தான் மொத ரெண்டு மூணு தண்ணில வரும். தண்ணி தெளிஞ்சிருச்சுன்னா தைக்க எடுத்துக்கோங்க, ஆறாவது தண்ணிக்கும் அதே செவப்பா வந்தா அந்தத் துணிய வெள்ளை பக்கமே சேக்காதீங்க, கருப்போட சேத்து தச்சுக்கோங்க. எனக்கு அஞ்சாவது தண்ணில தெளிஞ்சுச்சு.

கல்லுப்பு, வினிகர் ரெண்டையும் ஆளாளுக்கு சொல்றாங்க. ஒரே துணிய ரெண்டாக் கிழிச்சு ஒண்ணு உப்புத் தண்ணில ஒண்ணு வெறும் தண்ணில போட்டுப் பாத்துட்டேன், ரெண்டும் ஒரே மாதிரி தான் ஓடுச்சு. உப்பு சாயம் ஏத்துற நேரத்துல தொட்டில வேலை செய்யும், வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. ஆன்லைன்ல சாயம் புடிக்கிற ஷீட்டுன்னு ஒண்ணு விக்கிது, துணியோட சேத்து மெஷின்ல போட்டா தண்ணில மெதக்குற சாயத்த அது இழுத்து வச்சுக்கும். வேலை செய்யுதுங்க, ஷீட்டு வெளிய வரும்போது நல்லா ரோஸ் கலரா வந்துச்சு. ஆனா ஒரு பாக்கெட்டு காசுக்கு ரெண்டு மீட்டர் பாப்ளின் வாங்கிறலாம். தச்சு முடிச்ச போர்வைய மொதத் தடவ தொவைக்கும்போது பயத்துக்கு ஒண்ணு போடலாம், வெறும் துணிய நனைக்க வாளி போதும்.

தப்பித் தவறி தச்ச போர்வைல சாயம் எறங்கிருச்சுன்னா என் தங்கச்சி பண்ணத பண்ணாதீங்க. ஈரமா இருக்கும்போதே பெரிய டப்புல நல்ல சுடுதண்ணி ஊத்தி, பாத்திரம் கழுவுற லிக்விட கொஞ்சம் தாராளமா விட்டு, போர்வை முழுசா முங்குற மாதிரி ராத்திரி பூரா விட்டுருங்க. தண்ணி கலரானா மாத்தி மறுபடி. ரெண்டாவது போர்வைல பச்சை எறங்குச்சு, இப்படித்தான் மூணு ராத்திரில காப்பாத்துனேன்.

தொந்தரவு இல்லாம இல்ல. தொவச்சா ஓரமெல்லாம் நூல் பிரிஞ்சு மெஷினுக்குள்ள இடியாப்பம் ஆயிருது, நாலு மூலையையும் லேசா சாய்ச்சு கத்திரிச்சு விட்டா பாதி கொறையும், ஜிக்ஜாக் ஓட்டுனா இன்னும் நல்லது. அடுத்தது கஞ்சி போயி துணி தொவண்டு போயிரும், சின்ன முக்கோணம் வெட்டும்போது வழுக்கிட்டு போகுது, நனைக்கவே வேணாம்னு சொல்றவங்க சொல்ற காரணம் இது தான், அதுல நியாயம் இருக்கு. நான் சோறு வடிச்ச கஞ்சிய தண்ணியா கரைச்சு வடிகட்டி மறுபடி முக்கி எடுத்து, அரை ஈரத்துல இஸ்திரி போட்டுருவேன், அப்பளம் மாதிரி நிக்கும். தச்சு முடிச்சதும் அந்தக் கஞ்சிய அலசிருங்க, அப்படியே பீரோல வச்சா பூச்சி மேஞ்சுரும். எங்க வீட்டு போர் தண்ணி வேற உப்பு, சோப்பே நுரைக்காது, துணி வெறச்சுப் போயிரும், அதனால கடைசி அலசல் மட்டும் கார்ப்பரேஷன் தண்ணி வர்ற அன்னிக்கு வச்சுப்பேன்.

அதே தெருல கிலோ கணக்குல வெட்டுத்துண்டு விக்கிறாங்க, பாத்ததும் அள்ளிக்கிட்டு வரத் தோணும். நான் ரெண்டு கிலோ வாங்கி வந்து ஒவ்வொண்ணுலயும் நாலு நூல் உருவி கொளுத்திப் பாத்தேன், காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலா உதுந்தா காட்டன், உருகி உருண்டையா கெட்டியானா பாலியஸ்டர் கலப்பு. பாதிக்கு மேல உருண்டை. அது பெருசா சுருங்காது, பக்கத்துல இருக்க காட்டன் சுருங்கும், அப்புறம் மறுபடி என் தங்கச்சி வீட்டு கதை தான். சின்னத் துண்ட மெஷின்ல போடாதீங்க, தலகாணி ஒறைக்குள்ள போட்டு கையால அமுக்கி எடுங்க.

கடைய பத்தி சொல்லணும்ல. அளக்குறது நேர்மை, மீட்டருக்கு ஒரு ரெண்டு வெரக்கட கூட விட்டே கிழிக்கிறாங்க, தேய்ச்சுப் பாக்க விடுறாங்க, மூஞ்ச சுளிக்கல. பில்லு கேட்டா தான் போடுறாங்க. வண்டி நிறுத்த எடமே இல்ல, சாயங்காலம் போனா தெருல நடக்கவே முடியாது, காலைல பத்தரைக்குள்ள போயிருங்க. அஞ்சுக்கு நாலு குடுக்கலாம், அந்த ஒண்ணு கேரண்டிங்கிற வார்த்தைக்கு கொறச்சது.

தங்கச்சிக்கு ரெண்டாவது வரப்போகுது. இந்தத் தடவ கிளிப்பச்சை சுங்குடி, அப்பாவே கூட வந்து எடுத்துக் குடுத்தாரு. வாளில கெடக்கு, நாலாவது தண்ணி, இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கு.