நான்காம் படிவத்துக்குச் சட்டம்: நீதிமன்ற வருகையா, மாதிரி வழக்கா?

மலேசிய இடைநிலைப்பள்ளியில் குற்றமும் நீதியும் சொல்லித்தர வழி இரண்டு. பேருந்து பிடித்து கோலாலம்பூரின் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகலாம். பினாங்கு என்றால் லைட் ஸ்திரீட் உயர்நீதிமன்றம். இல்லையேல் வகுப்பிலேயே மேசைகளை நகர்த்திப் போட்டு மாதிரி வழக்கு நடத்தலாம். எங்கள் ஓட்டு மாதிரி வழக்குக்குத்தான்.

நேரில் போவதன் பலம் தெரிந்ததே. கைவிலங்கோடு ஒருவர் உள்ளே வந்தால் வகுப்பே வாயடைத்துப் போகும். எந்த நடிப்பிலும் அது வராது. ஆனால் காலையில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் ‘செபுத்தான்’தான். பெயரைக் கூப்பிடுவார்கள், அறிக்கை இன்னும் வரவில்லை என்பார்கள், அடுத்த தேதி குறிப்பார்கள். ஒரு சாட்சியின் விசாரணையை முழுதாகப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். தங்கள் வயதுப் பிள்ளைகளின் வழக்கையோ பார்க்கவே முடியாது. சிறார் நீதிமன்றத்தில் பொதுமக்களுக்கு அனுமதியில்லை.

மாதிரி வழக்கு தேறுவதும் தேறாததும் வழக்குக் கோப்பைப் பொறுத்தது. கறுப்புக் கோட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆறு தாள் போதும்: குற்றச்சாட்டு, தலா ஒரே பக்கத்தில் நான்கு வாக்குமூலங்கள், கடையின் வரைபடம். மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் கை கழுவப் போகிறார். மேசையில் விட்ட கைப்பேசியை 19 வயது இளைஞன் எடுத்துப் போகிறான். குற்றவியல் சட்டம் 379ஆவது பிரிவு, ஏழாண்டு வரை சிறை. வயதை 16 என்று எழுதிவிடாதீர்கள். வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போய்விடும், மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்களும் உட்கார வேண்டியிருக்கும். கைப்பேசிக்காரர் வீட்டுக்கே போய்விட்டதாகவும் எழுத வேண்டாம். அப்போது கைப்பேசி யார் வசம் இருந்தது என்ற கேள்வி குறுக்கே வந்து பாடம் திசைமாறும்.

திருட்டு என்று சொல்ல 378ஆவது பிரிவு ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: நேர்மையற்ற எண்ணம், அசையும் பொருள், பிறர் வசம் இருந்தது, சம்மதமில்லாதது, பொருளை நகர்த்தியது. பலகையில் ஐந்து கட்டம் போட்டு, எதை எந்தச் சாட்சி நிரூபிப்பார் என்று அரசுத் தரப்பு மாணவர்களை நிரப்பச் சொல்லுங்கள். நான்கு சட்டென்று நிரம்பும். எண்ணம் மட்டும் இழுத்தடிக்கும். கோப்பின் ஓட்டை அங்கேதான் இருக்க வேண்டும். கவுண்டரில் கொடுக்கப் போனேன், ஆளில்லை என்கிறான் இளைஞன். கடை ஊழியரின் வாக்குமூலத்தில், நடுப்பகுதியில், “அப்போது பின்பக்கம் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன்” என்று ஒரு வரி. போலீஸ்காரர் தாளிலோ, பையிலிருந்து எடுத்த கைப்பேசியில் சிம் கார்டு இல்லை. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் வழக்கு பத்து நிமிடத்தில் செத்துவிடும்.

சாட்சிகள் கதை கட்டுவார்கள். அதுதான் முதல் தொல்லை. தாளில் இல்லாததற்கு “தெரியாது” என்பது மட்டுமே பதில் என்று விதி வையுங்கள். தன் சாட்சியிடமே “அவன்தானே எடுத்தான்?” என்று கேட்பது அடுத்தது. பதிலை ஊட்டும் கேள்விக்குக் குறுக்கு விசாரணையில்தான் இடம். அயல்நாட்டுத் தொடர் பார்த்துவிட்டுச் சிலர் ஜூரி கேட்பார்கள்; மலேசியாவில் அது 1995-இல் ஒழிந்தது. அரசுத் தரப்பு முடிந்ததும் நீதிபதி நிறுத்தி, குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று தீர்மானிக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே விடுதலை. இருந்தால் இளைஞனுக்கு மூன்று வழி: சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம், கூண்டிலிருந்தபடி சத்தியமின்றிப் பேசலாம், வாயே திறக்காமலும் இருக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் குறுக்கு விசாரணை கிடையாது. இந்த இடத்தில்தான் வகுப்பு சூடுபிடிக்கும்.

அடுத்த ஆண்டு ஊழியரின் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும், அக்கா அண்ணன்மார் சொல்லிக்கொடுத்த விடை பலிக்காது.

ஏ லெவலில் சட்டம் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். அவர்கள் உயர்நீதிமன்ற வாதங்களைக் கேட்டே நிறையப் பிடித்துக்கொள்வார்கள். நான்காம் படிவத்துக்கு, வருகையை மாதிரி வழக்குக்குப் பிறகு அரைநாளாக வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குப் பத்துப் பேர், கையில் அந்த ஐந்து கட்டம் போட்ட ஒரு தாள். அறிக்கை வரவில்லை என்று தேதி தள்ளிப்போகும்போது, எந்தக் கட்டம் காலியாக நிற்கிறது என்பதை அவர்களே குறித்துக்கொள்வார்கள்.