எம்ஜிபிக்கு ஸ்பின்-ஆன் ஆயில் ஃபில்டர் அடாப்டர்: வாங்கலாமா?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் இரும்பு டப்பா ஆயில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்றைய கார்களில் இருப்பதுபோல் கையால் திருகி மாட்டும் ஃபில்டர் போடுவதற்கான அலுமினிய அடாப்டர் இது. பானெட்டைத் திறந்து, டப்பா தொங்குகிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

இந்த 1798 சிசி எஞ்சினில் பம்ப் சம்ப்பிலிருந்து (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இழுக்கும் ஆயில், பிளாக்கின் பின்பக்கத்திலிருந்து வெளிக்குழாய் வழியாக, ஆயில் கூலர் இருந்தால் அதையும் சுற்றிக்கொண்டு, ஃபில்டருக்கு வருகிறது. அதற்கப்புறம்தான் மெயின் கேலரி என்னும் முக்கிய ஆயில் பாதை, கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங், கிராங்க் துளைகள் வழியே கனெக்டிங் ராடின் பிக்-எண்ட் பேரிங். கேம் ஷாஃப்ட் பேரிங் வழியே, மேலே வால்வுகளை இயக்கும் ராக்கர் ஷாஃப்ட். ஃபில்டர் காலியாகக் கிடந்தால், அது நிரம்பும்வரை பேரிங்குகள் பட்டினிதான்.

1962-இல் வந்த ஆரம்ப மாடல்களில் டப்பா கீழே தொங்கும். வண்டியை நிறுத்தினாலும் ஆயில் அதிலேயே நிற்கும். பிறகு வந்த, நிமிர்ந்து நிற்கும் டப்பாவில்தான் ராத்திரியில் வடிந்துபோகும். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் கேஜ் முள் சில விநாடி அசையாது, அடியில் கடகட சத்தம். இந்த நிமிர்ந்த டப்பாக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் வடியாமல் பிடிப்பது அடாப்டர் இல்லை, ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் தடுப்பு வால்வு. ஓரத்துத் துளைகளில் எட்டிப் பார்த்தால் ரப்பர் தெரிய வேண்டும். தெரியாத ஃபில்டர் வேண்டாம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயிலை வேறு வழியில் விடும் பைபாஸ் வால்வு அடாப்டரில் இல்லையென்றால் அதுவும் ஃபில்டரிலேயே இருந்தாக வேண்டும்.

தொங்கும் டப்பாக்காரர்களுக்குக் கிடைக்கும் லாபம் கைவேலை குறைவதுதான். ஒவ்வொரு முறையும் பழைய ரப்பர் சீல் வளையத்தை ஃபில்டர் தலையின் காடியிலிருந்து (பள்ளம்) ஊசியால் நோண்டி எடுக்கும் வேலை இல்லை. பழையது இருப்பது தெரியாமல் மேலேயே புதுசை வைத்தால் ஆயில் பீய்ச்சியடித்துச் சம்ப் காலியாகும். மொத்தமே 4.26 லிட்டர்தான்.

மாட்டும்போதும் கடைசியாக ஒருமுறை அந்தக் காடியை வழித்துப் பாருங்கள். ஃபில்டர் ரப்பரில் ஆயில் தடவி, உட்கார்ந்ததும் கையாலேயே முக்கால் சுற்று; ஸ்பேனர் வேண்டாம். இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, முள் எழும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஓடவிட்டு லீக் பார்த்து, 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி அளவைச் சரிசெய்யுங்கள்.

சூடான எஞ்சினின் ஆயில் பிரஷரை கேஜ் ஐட்லில் 10 முதல் 25 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 50 முதல் 80 காட்ட வேண்டும். அதற்குக் கீழே கிடந்தால் பேரிங்கையும், பிரஷர் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரிலீஃப் வால்வையும் பாருங்கள், அடாப்டர் அதைச் சரிசெய்யாது. அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் இதே குடும்பம்தான். அதை நம்பி இந்தக் கிட்டை அதற்கு வாங்காதீர்கள், ஃபில்டர் தலையை அளந்து பார்த்த பிறகே ஆர்டர்.