பட்டறையில் செய்த ஸ்குவாட் ராக்: நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிளேட் (எடைத் தட்டு) மாட்டிய நீளக் கம்பியான பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட்; அந்தப் பாரைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம் ராக். நான் முதலில் வாங்கியதை ராக் என்றே சொல்ல முடியாது. 2020 ஊரடங்கில் ஜிம்மை மூடிவிட்டார்கள். கை அரித்தது. ஆன்லைனில் 5,800 ரூபாய்க்கு இரண்டு தனித்தனி ஸ்டாண்டுகள் வாங்கினேன். ஸ்டிக்கரில் ‘250 கிலோ தாங்கும்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. உண்மையாகவே தாங்கியிருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

ஒருநாள் ஸ்குவாட் முடித்து இடது பக்க பிளேட்டுகளை மொத்தமாகக் கழற்றினேன். வலது பக்கம் 25 கிலோ அப்படியே இருந்தது. குனிந்து பிளேட்டைச் சுவரோரம் சாய்க்கிறேன், தலைக்கு மேலே சர்ரென்று ஒரு சத்தம். பார் செங்குத்தாக எழுந்து ட்யூப்லைட்டை உடைத்துவிட்டு, ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. அரை நொடி முன்னால் நிமிர்ந்திருந்தால் தாடை போயிருக்கும்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னுடையது ஆறடி பார், பத்தே கிலோ. ஸ்டாண்டுகளுக்கு நடுவே ஒரு மீட்டர்தான். பாரின் எடை தாங்குமுனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி இந்தப் பக்கம் இழுக்கிறது. 25 கிலோ பிளேட் கால் மீட்டர் தள்ளி அந்தப் பக்கம் இழுக்கிறது. பள்ளிக்கூடத்து நெம்புகோல் கணக்கு: இந்தப் பக்கம் பத்தில் பாதி, ஐந்து; அந்தப் பக்கம் இருபத்தைந்தில் கால், ஆறேகால். அந்தப் பக்கம் ஜெயித்துவிட்டது. ஸ்டாண்ட் எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்தேனே தவிர, எவ்வளவு அகலம் என்று பார்க்கவில்லை.

அதனால் இரண்டாவது தடவை பாரிலிருந்து ஆரம்பித்தேன். ஏழடி ஒலிம்பிக் பார், 20 கிலோ. அதன் இரண்டு காலர்களுக்கு, அதாவது பிளேட் வந்து முட்டி நிற்கும் வளையங்களுக்கு, இடையே 131 சென்டிமீட்டர் இருக்கும். ராக்கின் வெளி அகலத்தை 120-ஆக வைத்தால் பக்கத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர் மிச்சம். அதற்குமேல் அகலமானால் பாரைத் திரும்ப வைக்கும்போது பிளேட் தூணில் இடிக்கும். பாரை வாங்காமல் ராக்கை வாங்காதீர்கள். வீட்டில் ஐந்தடி பார்தான் இருக்கிறதென்றால் இந்த அகல ராக்கில் அது உட்காரவே உட்காராது.

அப்போது கடைகளில் விசாரித்ததில் நல்ல பவர் ராக் (நான்கு தூண் கூண்டு) எதுவும் முப்பதாயிரத்துக்குக் கீழே கிடைக்கவில்லை. நான் இருப்பது கோயம்புத்தூர். தடுக்கி விழுந்தால் ஒரு பட்டறை. கணபதி பக்கம், கிரைண்டர் ஸ்டாண்டும் கேட்டும் செய்துகொண்டிருந்த ஒரு அண்ணனிடம் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

“ஏனுங் தம்பி, இதுல என்ன மாட்டப் போறீங்க, மோட்டாருங்களா?”

“இல்லீங்கண்ணா, எடை தூக்க.”

“எத்தன கிலோ தாங்கோணும்?”

“நூத்தம்பது. ஆனா மேல இருந்து விழுமுங்க.”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். “விழுமுன்னா கணக்கே வேறீங்க தம்பி.”

நான் கேட்டது 50-க்கு 50, இரண்டு மில்லி டியூப். அவர் 60-க்கு 60, மூன்று மில்லிதான் போடுவேன் என்று அடம்பிடித்தார். மீட்டருக்கு மூன்று கிலோ வருவது ஐந்து கிலோவுக்கு மேல் போனது; கிலோ கணக்கில் காசு வாங்குபவர் அப்படித்தானே சொல்வார் என்று நினைத்தேன். தப்பு என்னுடையது. ராக்குக்குள் நின்று புல்அப் எடுக்கும்போது மேல்கம்பி ஆடாமல் நிற்கிறதே, அது அந்த ஒரு மில்லி செய்கிற வேலை. தடிமனை மில்லியில் சொல்லாமல் கேஜ் எண்ணில் பேசும் கடைக்காரரிடம் ஒன்றைக் கவனியுங்கள்: எண் ஏற ஏற தகடு மெலியும். 14 கேஜ் சுமார் இரண்டு மில்லி, 16 கேஜ் 1.6 மில்லி. வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். டியூபின் வெட்டிய வாயில் வெர்னியர் அளவுகோலைப் பிடித்தால் தடிமன் தெரிந்துவிடும்.

நான்கு தூண், ஏழடி உயரம், முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே 75 சென்டிமீட்டர். அரை ராக்கில் (பாருக்குப் பின்னால் மட்டும் தூண் உள்ளது) முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சேஃப்டி கைகள், அதாவது தூக்க முடியாமல் போனால் பாரைப் பிடித்துக்கொள்பவை, பார்க்க அழகாக இருக்கும், இடமும் மிச்சம். ஆனால் அவை ஒரு முனையில் மட்டும்தான் பிடிமானம் உள்ளவை. விழுகிற சுமை முழுவதையும் ஒரு மூலை வாங்க வேண்டும். கூண்டு ராக்கில் சேஃப்டி இரண்டு பக்கமும் தூணில் உட்கார்ந்திருக்கும். பட்டறை வேலைக்கு அதுதான் சுலபம், செலவும் குறைவு. எனக்கு 25 மில்லி கம்பி, அதன்மேல் ஒரு கனத்த பைப், அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் பவுடர் கோட்டிங்கோடு சேர்த்து 19,500 ரூபாய் ஆனது. ஏற்றிவந்த குட்டி யானை வாடகை தனி.

இனி நான் சொதப்பியது. தூணில் ஓட்டைகளுக்கு இடையே 100 மில்லி விட்டால் போதும் என்று நானே அளவு கொடுத்திருந்தேன். ஓட்டைக்கு இவ்வளவு என்று கூலி, அதை மிச்சம் பிடிக்கிற புத்தி. ஸ்குவாட்டுக்கு எப்படியோ ஒப்பேறியது. பெஞ்சில் மல்லாந்து படுத்து பாரை நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். அங்கே சேஃப்டி இருக்க வேண்டிய இடம் மிகக் குறுகியது: நெஞ்சை நிமிர்த்திப் படுத்தால் பார் நெஞ்சைத் தொட வேண்டும், தளர்ந்து படுத்தால் பார் கம்பியில் உட்கார்ந்து கழுத்தை விட்டுவிட வேண்டும். ஒரு ஓட்டையில் வைத்தால் பார் நெஞ்சுக்கே வரவில்லை. கீழ் ஓட்டையில் வைத்தால் கம்பி இருந்தும் இல்லாத மாதிரி. எட்டு மாதம் பெஞ்சின் கால்களுக்கு அடியில் பிளைவுட் துண்டுகளை அடுக்கிச் சமாளித்தேன். பிறகு நான்கு தூண்களையும் கழற்றி எடுத்துப் போய், நடுநடுவே துளை போட்டு 50 மில்லி ஆக்கிக்கொண்டு வந்தேன். 1,600 ரூபாய் தண்டம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். பவுடர் கோட்டிங்குக்குப் பிறகு போட்ட அந்த ஓட்டைகளில்தான் இன்றைக்கும் துரு பிடிக்கிறது.

பாரை வைக்கும் கொக்கியையும் பார்த்து வாங்குங்கள். எனக்கு முதலில் வந்ததில் முன்உதடு மூன்று இஞ்ச். பாரை எடுக்கக் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. வெட்டி ஒன்றரை இஞ்ச் ஆக்கியதும் சரியானது. உள்ளே வெறும் இரும்பு இருந்தால் பாரின் சொரசொரப்பைத் தின்றுவிடும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டை வெட்டி ஒட்டினேன், இதுவரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

டைல்ஸைத் துளைக்க வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் தரையில் போல்ட் இல்லை. பின் தூண்களில் பிளேட் மாட்ட முளை வைத்து, எப்போதும் 80 கிலோ அங்கே தொங்குகிறது. ராக்கே 95 கிலோ. இதுவரை நகரவில்லை. ஆனால் தொங்கி ஊஞ்சலாடுகிற பழக்கம் உள்ளவர்கள் தரையில் அடித்துவிடுவதுதான் நல்லது.

இத்தனை காசுக்கும் பதில் கிடைத்தது 2024 நவம்பரில். 110 கிலோ, மூன்றாவது தடவை இறங்கினேன், ஏறவில்லை. இடுப்பு முன்னால் மடிகிறது. பழைய ஸ்டாண்டாக இருந்தால் பாரைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே பாய்ந்திருப்பேன். இங்கே இன்னும் மூன்று விரல் உயரம் கீழே உட்கார்ந்தேன். ‘டங்’ என்று பார் கம்பிகளில் உட்கார்ந்தது. தோள் காலியானது. தவழ்ந்து வெளியே வந்தேன்.

சமையலறையிலிருந்து அம்மா, “டேய், சிலிண்டர் விழுந்துருச்சா?”

இடது பக்கக் கம்பியில் பார் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. நேர்கோல் வைத்துப் பார்த்தேன், வளைவு தெரியவில்லை.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24 நம்பர் ஸ்பேனரால் எம்16 போல்ட்டுகளை இறுக்குகிறேன். எப்போதும் மேல்பக்கத்து இரண்டு மட்டும்தான் கால் சுற்று சுற்றும். தூணின் மேல்வாய்க்கு மூடி போட மறந்துவிட்டோம். ஒரு மழைக்காலம் முழுக்க ஜன்னல் சாரல் உள்ளே இறங்கியது தெரியாமல் இருந்திருக்கிறேன். இப்போது பிளாஸ்டிக் மூடி.

போன மாதம் மச்சானும் வந்து தூக்க ஆரம்பித்தான். என்னைவிட அரை அடி உயரம். அவனுக்கு ஸ்குவாட் சேஃப்டி 14-ஆவது ஓட்டை, எனக்கு 12. தங்கச்சியின் நெயில் பாலிஷை எடுத்து நான்கு தூணிலும் புள்ளி வைத்திருக்கிறோம், அவனுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை. பின்பக்க இடது தூணின் அடியில் துரு கிளம்பியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும்.